தராசைத் திருப்பிப் பாருங்கள்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாங்கி விற்கும் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் மூன்று எண்கள் இருக்கும். மூட்டையில் லாட் எண், புத்தகத்தில் பில் எண். மூன்றாவது எண், எலெக்ட்ரானிக் தராசின் பக்கவாட்டிலோ அடியிலோ இருக்கும் சிறு தகட்டில் உள்ள சீரியல் நம்பர். முதல் இரண்டையும் வியாபாரி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார். மூன்றாவதைச் சொல்ல வேண்டுமானால் தராசைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும். திருப்பினாலும் வாசிக்க முடியாமல் தேய்ந்துபோயிருப்பதும் உண்டு.

தராசு, செல்போன், சார்ஜர் என்று நாம் புழங்கும் மின்னணுப் பொருள் ஒவ்வொன்றிலும் ஏதோ ஓர் எண் இருக்கிறது. சில இடங்களில் சட்டமே அதைக் கேட்கிறது. எதற்காக? அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் எதுவரை போகலாம்? தராசையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இந்த ஊரில் காசு அதன் வழியாகத்தான் கை மாறுகிறது. 2019 ஆகஸ்ட் தொடக்கத்தில், மலைக்கு அந்தப்புறம் கேரளத்தில் இருக்கும் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய்வரை போனது. அந்த விலையில் 10 கிராம் என்பது 70 ரூபாய். வெங்காயத்துக்கு 10 கிராம் முன்னே பின்னே இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். ஏலக்காய்க்குக் கேட்பார்கள்.

லாட் எண் எதற்கு என்று போடிக்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாங்குபவர் மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. கையில் கொஞ்சம் மாதிரி, கண்ணெதிரே திரை, திரையில் லாட் எண். 2021 ஜனவரியில் ஸ்பைசஸ் போர்டு போடி, புற்றடி இரண்டு ஏல மையங்களையும் இணையம் வழியாக இணைத்த பிறகு, இங்கே உட்கார்ந்தபடி அங்கே இருக்கும் காய்க்கும் விலை கேட்கலாம். காயில் குறை தெரிந்தால் லாட் எண்ணை வைத்து எந்தத் தோட்டத்துக் காய், யார் கொண்டுவந்தது என்று பின்னோக்கிப் போய்விடலாம். யாருக்கு விற்றோம் என்று முன்னோக்கியும் போகலாம். மின்னணுப் பொருளின் சீரியல் நம்பரும் அந்த வேலையைத்தான் செய்கிறது. ஒரு லாட்டில் பல மூட்டைகள் இருக்கலாம். சீரியல் நம்பர் ஒரே ஒரு பொருளுக்கு உரியது. வித்தியாசம் அவ்வளவுதான்.

தகட்டில் இருப்பவை

30 கிலோ வரை நிறுக்கும் சாதாரணக் கடைத் தராசை எடுத்துக்கொள்வோம். தகட்டில் தயாரிப்பாளர் பெயரும் மாடல் பெயரும் இருக்கும். நீள்வட்டத்துக்குள் ரோமன் எண்ணில் மூன்று என்று போட்டிருக்கும். அது துல்லிய வகுப்பு. நகைக்கடைகளில் பயன்படுவது அதைவிடத் துல்லியமான இரண்டாம் வகுப்பு. அடுத்து அதிகபட்ச எடை 30 கிலோ, குறைந்தபட்ச எடை 100 கிராம். பக்கத்தில் ‘ஈ’ என்ற ஆங்கிலச் சிற்றெழுத்தும் 5 கிராமும். ஐ.என்.டி. என்று தொடங்கும் மாடல் ஒப்புதல் எண் ஒன்று. இவற்றோடு சீரியல் நம்பர்.

குறைந்தபட்ச எடை என்பதைப் பலரும் கண்டுகொள்வதில்லை. போடிமெட்டு ஏறி மூணாறு போகிறவர்கள் வழியில் நிறுத்தி 50 கிராம் ஏலக்காய் கேட்பார்கள். இந்தத் தராசில் அதை நிறுக்கக் கூடாது. தராசு 5 கிராம் படிகளில்தான் எண் காட்டும். அரசு ஆய்வாளர் சரிபார்த்து முத்திரையிடும்போதே சிறு எடைகளுக்கு இரண்டரை கிராம் இப்படி அப்படி இருக்க அனுமதி உண்டு. 50 கிராமில் இரண்டரை கிராம் என்றால் நூற்றுக்கு ஐந்து. கடைக்காரர் ஏமாற்றவே வேண்டாம், தராசே தெரியாமல் ஏமாற்றிவிடும். சில்லறைக்குத் தனியாகச் சிறிய தராசு வைத்துக்கொள்வதுதான் சரி.

இனி ஒப்புதல் எண்ணும் சீரியல் நம்பரும். மாடல் ஒப்புதல் எண் வடிவமைப்புக்கு உரியது. 2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009 சொல்வது இது: எந்த எடைக் கருவியையும் உற்பத்தி செய்வதற்கு முன்னால், இறக்குமதியானால் இறக்குமதிக்கு முன்னால், அதன் மாதிரியைக் கொடுத்து ஒன்றிய அரசின் ஒப்புதல் வாங்க வேண்டும். மாதிரியைச் சோதிக்கும் அரசு ஆய்வகங்கள் சில ஊர்களில் உள்ளன. நமக்குப் பக்கத்தில் பெங்களூரில் இருக்கிறது. சூட்டிலும் குளிரிலும் எடை மாறுகிறதா, மின்னழுத்தம் ஏறி இறங்கினால் என்ன ஆகிறது என்றெல்லாம் அங்கே பார்ப்பார்கள். தேறினால் எண் கிடைக்கும். அந்த மாடலில் ஆயிரம் தராசு செய்தாலும் ஆயிரத்திலும் அதே ஒப்புதல் எண்தான் இருக்கும்.

சீரியல் நம்பர் அந்த ஆயிரத்தில் ஒன்றைக் காட்டுவது. தராசுக்கு முத்திரை போடும்போது ஆய்வாளர் எழுதும் சான்றிதழில் இந்த எண் இருக்கும். மாடல் எண்ணை மட்டும் எழுதினால், ஒரு தராசுக்கு வாங்கிய சான்றிதழைக் கடையில் இருக்கும் ஐந்து தராசுக்கும் காட்டலாம். அந்த வழியை அடைப்பதற்குத்தான் சீரியல் நம்பர்.

முத்திரையும் மலையும்

தமிழ்நாட்டில் தராசுக்கு முத்திரை போடுவது தொழிலாளர் துறை. முத்திரை ஆய்வாளர் என்று கடைக்காரர்கள் சொல்பவர் அந்தத் துறையைச் சேர்ந்தவர். போடிமெட்டைத் தாண்டி இடுக்கி மாவட்டத்துக்குள் போய்விட்டால் இந்த வேலைக்கென்றே கேரளத்தில் லீகல் மெட்ராலஜி என்று தனித்துறை இருக்கிறது. விடியற்காலையில் போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பக்கங்களிலிருந்து ஜீப்பில் ஏறி மலைத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள் மாலையில் நிறுத்துக் கொடுப்பது அந்தப் பக்கத்துத் தராசில். வியாபாரி போடியில் நிறுத்து வாங்குவது இந்தப் பக்கத்துத் தராசில். சட்டம் ஒன்றுதான், அதிகாரிகள்தான் வேறு வேறு.

எலெக்ட்ரானிக் தராசுக்கு வருடத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை வேண்டும். பழைய தட்டுத் தராசுக்கும் எடைக்கற்களுக்கும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. முத்திரையில் ஆண்டும் ஏ, பி, சி, டி என்ற எழுத்துகளில் ஒன்றும் இருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை ஏ. அப்படியே மூன்று மூன்று மாதமாக டி வரை. இதைத் தெரிந்து வைத்திருந்தால், சான்றிதழைக் கேட்காமல் முத்திரையைப் பார்த்தே கெடு தாண்டிவிட்டதா என்று சொல்லிவிடலாம்.

முத்திரை என்றால் காகிதம் மட்டுமல்ல. தராசின் மூடியைத் திறந்தால் உள்ளே எடையைச் சரிசெய்யும் இடம் ஒன்று உண்டு. கேலிபரேஷன் என்று மெக்கானிக்குகள் சொல்வது அதை. அந்த இடத்தைத் தொட வேண்டுமானால் கம்பியில் கோத்த ஈய முத்திரையை அறுத்தாக வேண்டும், அப்படித்தான் அமைத்திருப்பார்கள். ரிமோட்டில் இயங்கும் சர்க்யூட்டை உள்ளே வைத்து எடையைக் கூட்டிக் குறைத்த தராசுகள் நாட்டில் பல இடங்களில் பிடிபட்டிருக்கின்றன. அவற்றில் வெளித்தகடு அசலாக இருக்கும், சீரியல் நம்பரும் அசலாக இருக்கும், மாறியிருப்பது உள்ளே. அதனால் எண்ணும் ஈய முத்திரையும் சேர்ந்தே இருந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. தராசு பழுதாகி மூடியைத் திறந்துவிட்டால், உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் சரிசெய்த பிறகு மறுபடியும் முத்திரை போட வேண்டும். பழைய சான்றிதழின் கெடு இன்னும் முடியவில்லையே என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

ஆய்வாளர் கொண்டுவரும் எடைக்கற்களுக்கும் ஒரு வம்சாவளி உண்டு. அவருடைய கற்களை அதைவிட நுட்பமான கற்களோடு ஒப்பிடுவார்கள், அந்தக் கற்களை இன்னும் மேலே இருப்பவற்றோடு. இப்படியே ஏறிப் போனால் டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பிளாட்டினம், இரிடியம் கலந்து செய்த ஒரு உருளையில் போய் நிற்கும். இந்தியாவின் கிலோ அதுதான். அதற்கும் ஒரு வரிசை எண் இருக்கிறது: 57. பாரிசுக்கு அருகே இருக்கும் மூலக் கிலோவின் பிரதிகளாகப் பல நாடுகளுக்குக் கொடுத்த உருளைகளில் நம் நாட்டுக்கு வந்தது அந்த எண் உள்ளது. 2019 மே 20 முதல் கிலோவின் வரையறை உருளையை விட்டு இயற்பியல் மாறிலி ஒன்றுக்கு மாறிவிட்டது. ஒப்பிட்டு ஒப்பிட்டு மேலே போகும் முறை மட்டும் அப்படியே இருக்கிறது.

மலை ஏறும் தராசுக்கென்று ஒரு சங்கதி உண்டு. எலெக்ட்ரானிக் தராசு உண்மையில் எடையை ஒப்பிடுவதில்லை. பொருளைப் பூமி எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்பதை லோடு செல் என்ற உலோகத் துண்டின் வளைவிலிருந்து கணக்கிடுகிறது. உயரம் ஏற ஏற அந்த இழுப்பு கொஞ்சம் குறையும். போடியில் சரிபார்த்த தராசை ஆயிரம் மீட்டர் மேலே, காய் உலர்த்தும் ஒரு ஸ்டோருக்குத் தூக்கிக்கொண்டு போனால், 25 கிலோ காய்க்கு ஏறத்தாழ 5 முதல் 8 கிராம் குறைத்துக் காட்டும். இந்த வகைத் தராசில் அந்த எடைக்கு முத்திரையிடும்போது அனுமதிக்கும் பிழையே ஏழரை கிராம்தான். யாரும் திருடவில்லை, யாரும் மூடியைத் திறக்கவில்லை, பிழைக்கான இடத்தை மலையே எடுத்துக்கொண்டது. ஒரு பக்கம் கல்லும் மறுபக்கம் காயும் வைக்கும் பழைய தட்டுத் தராசுக்கு இந்தத் தொல்லை கிடையாது. கல்லுக்கும் காய்க்கும் ஒரே அளவில்தான் இழுப்பு குறையும். ஆகவே இந்த எண் கொண்ட தராசு எந்த ஊரில் சரிபார்க்கப்பட்டது என்பதும் பதிவில் இருக்க வேண்டும். மேலே பயன்படுத்தப் போகிறோம் என்றால் மேலேயே வைத்துச் சரிபார்த்து முத்திரை வாங்குவது நல்லது. பறிப்புக் காலத்தில் ஒரு தராசை அடிவாரத்துக்கும் மலைக்கும் மாற்றி மாற்றி எடுத்துச் செல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடாப்டரில் இருப்பது வேறு எண்

தராசை மின்சாரத்தில் செருகும் அடாப்டரைப் பாருங்கள். அதில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையும், இந்தியத் தர எண்ணும், ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கி எட்டு இலக்கத்தில் முடியும் எண்ணும் இருக்க வேண்டும். எடையளவுச் சட்டத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. மின்னணு, தகவல் தொழில்நுட்பப் பொருட்களுக்கான கட்டாயப் பதிவு ஆணை என்று ஒன்றை ஒன்றிய அரசு 2012 அக்டோபரில் வெளியிட்டது. 15 வகைப் பொருட்களோடு தொடங்கி, அடுத்த வருடம் ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பின்னால் செல்போன், பவர் பேங்க், எல்.இ.டி. விளக்கு, கண்காணிப்புக் கேமரா என்று பட்டியல் நீண்டது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்து, பி.ஐ.எஸ்.ஸில் பதிவு செய்யாமல் இந்தப் பொருட்களை விற்கக் கூடாது.

குழப்பம் வருவது இங்கேதான். இந்த ஆர் எண்ணைச் சீரியல் நம்பர் என்று நினைத்துப் பில்லில் எழுதிக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. ஆர் எண் ஒரு தொழிற்சாலைக்கும் அது செய்யும் பொருள் வகைக்கும் உரியது. ஒரே கம்பெனி இரண்டு தொழிற்சாலைகளில் அடாப்டர் செய்தால் இரண்டு ஆர் எண்கள். ஒரே தொழிற்சாலையில் லட்சம் அடாப்டர் செய்தால் லட்சத்திலும் ஒரே எண். எந்த வாசல் வழியாகப் பொருள் வந்தது என்பதை அது சொல்லும். எந்தப் பொருள் என்பதைச் சொல்லாது.

நகை வாங்கியவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் எழுத்தும் இலக்கமும் சேர்ந்து ஆறு இடம் கொண்ட எச்.யு.ஐ.டி. என்ற அடையாளக் குறி இல்லாமல் கடைகள் விற்கக் கூடாது. அது ஒவ்வொரு நகைக்கும் தனி. அதற்கு முன்னால் ஹால்மார்க் மட்டும் இருந்த காலத்தில், தரம் தெரிந்தது, நகை எது என்று தெரியவில்லை. பி.ஐ.எஸ். கேர் என்ற கைபேசிச் செயலியில் எச்.யு.ஐ.டி.யையும் சரிபார்க்கலாம், ஆர் எண்ணையும் சரிபார்க்கலாம். போலி அடாப்டரில் ஆர் எண்ணை அப்படியே பார்த்து எழுதிவிடலாம் என்பதால் எண் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில் பயனில்லை. செயலியில் வரும் கம்பெனிப் பெயரும் தொழிற்சாலை முகவரியும் அடாப்டரில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

ஆக, ஒரு கடைத் தராசில் மூன்று அடுக்கு எண்கள்: வடிவமைப்புக்கு ஒன்று, தொழிற்சாலைக்கு ஒன்று, தனிப் பொருளுக்கு ஒன்று. மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்பவை.

30 கோடி பேட்டரியில் எது?

தனிப் பொருள்வரை எண் போடுவது வீண் செலவு என்று சிறு தயாரிப்பாளர்கள் சொல்வதுண்டு. அவர்களுக்கு நான் நினைவுபடுத்த விரும்புவது 2007 ஆகஸ்ட். நோக்கியா செல்போன் இல்லாத தெரு தமிழ்நாட்டில் அப்போது இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் அவர்களுடைய தொழிற்சாலையே இருந்தது. பி.எல்-5சி என்ற பேட்டரி சார்ஜ் செய்யும்போது சூடாகிறது என்று உலகம் முழுவதும் சுமார் நூறு புகார்கள் வந்தன. கம்பெனி கணக்குப் பார்த்தது. பல சப்ளையர்கள் சேர்ந்து செய்த பி.எல்-5சி பேட்டரிகள் 30 கோடிக்கு மேல். குறை இருந்ததோ மட்சுஷிட்டா என்ற ஒரு சப்ளையர் 2005 டிசம்பருக்கும் 2006 நவம்பருக்கும் இடையில் செய்தவற்றில் மட்டும். அந்தக் காலத்தில் செய்தவை 4.6 கோடி.

பேட்டரியின் பின்னால் 26 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட அடையாள எண் இருந்தது. பேட்டரியைக் கழற்றி அந்த எண்ணைக் கொடுத்தால் மாற்ற வேண்டியதா இல்லையா என்று பதில் வரும். இங்கே என்ன நடந்தது என்பது அப்போது செல்போன் வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும்: செல்போன் வெடிக்கும் என்ற வதந்தி, சர்வீஸ் சென்டர்களில் கூட்டம். ஆனால் அந்த அடையாள எண் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் கம்பெனிக்கு வழி இரண்டுதான்: 30 கோடியையும் திரும்ப வாங்குவது, அல்லது ஒன்றையும் வாங்காமல் வாயை மூடிக்கொள்வது. எந்தக் கம்பெனி எதைத் தேர்ந்தெடுக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறுவதைச் செலவில் கட்டுப்படியாகச் செய்வது எண்தான். கட்டுப்படியானால்தான் கம்பெனிகள் ஒப்புக்கொள்கின்றன. 2016-இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்தபோதும் தங்கள் போன் பாதிக்கப்பட்ட ரகமா என்று வாங்கியவர்கள் எண்ணை வைத்துத்தான் பார்த்தார்கள்.

எண் இருந்தும் பயன்படாத கதையும் செல்போனில்தான் இருக்கிறது. ஒவ்வொரு செல்போனுக்கும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் உண்டு, *#06# அழுத்தினால் வரும். முதல் எட்டு இலக்கம் மாடலைச் சொல்லும், அடுத்த ஆறு அந்தத் தனிப் போனை. கடைசி இலக்கம், முன்னால் உள்ள பதினான்கையும் ஒரு கணக்கில் போட்டால் வரும் விடை. எண்ணை எழுதும்போது ஓர் இலக்கம் தவறினாலும் கணக்கு இடிக்கும். நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடு. ஆனால் ‘சைனா செட்’ என்று நாம் சொன்ன மலிவு விலைப் போன்களில் இந்த எண்ணே இல்லை, இருந்தாலும் வெறும் பூஜ்யங்கள். 2009 நவம்பர் 30 நள்ளிரவுக்குப் பிறகு அத்தகைய போன்களுக்கு இணைப்பு கொடுக்கக் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. எண் இல்லாத போனுக்குப் பணம் வாங்கிக்கொண்டு அசல் எண் பதித்துத் தரும் திட்டமும் அப்போது நடந்தது. 2020-இல் உத்தரப் பிரதேசம் மீரட் போலீஸ் விசாரித்த வழக்கு ஒன்றில், ஒரே ஐ.எம்.இ.ஐ. எண்ணில் 13,500க்கும் மேற்பட்ட போன்கள் இயங்குவது தெரியவந்தது. பதிமூன்றாயிரம் பேருக்கு ஒரே எண் என்றால் அந்த எண் யாரையும் அடையாளம் காட்டாது. இப்போது இந்தியாவில் செய்யும் போன்களின் எண்களை, முதல் விற்பனைக்கு முன்பே அரசின் தளத்தில் பதிய வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து இந்த ஏற்பாடு. எண்ணை மாற்றுவது தொலைத்தொடர்புச் சட்டம், 2023-இன்படி குற்றம்.

ஸ்டிக்கர் உரிந்தால்

சட்டம் எண் கேட்கிறது, கம்பெனி எண் போடுகிறது, எல்லாம் சரி. அது ஒட்டியபடியே இருக்குமா? மின்னணுப் பொருட்களின் பாதுகாப்புத் தரத்தில் இதற்கென்றே சோதனை இருக்கிறது, கேட்டால் சிரிப்பு வரும் அளவுக்கு எளிமையானது. துணியைத் தண்ணீரில் நனைத்து லேபிளைக் கையால் 15 வினாடி தேய்க்க வேண்டும். பிறகு வேறொரு துணியைப் பெட்ரோலியக் கரைப்பானில் நனைத்து இன்னொரு 15 வினாடி. அதற்குப் பிறகும் எழுத்தை வாசிக்க முடிய வேண்டும். லேபிள் சுருளக் கூடாது, எளிதில் பிய்ந்து வரக் கூடாது. காகித ஸ்டிக்கரில் சாதாரண பிரிண்டரில் அடித்த எண் இரண்டாவது துணியில் போய்விடும். பாலியெஸ்டர் லேபிளில் அதற்குரிய ரிப்பன் வைத்து அடித்தால் நிற்கும். உலோகத் தகட்டில் லேசரால் பொறித்தால் தகடு உள்ளவரை நிற்கும்.

ஏலமலையில் சோதனை இதைவிடக் கடினம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மாதக்கணக்கில் ஈரம். ஸ்டோரில் பச்சைக் காயை உலர்த்தும் அறையில் 50 டிகிரியை ஒட்டிய சூடு, பக்கத்திலேயே தராசு. ஈரமும் சூடும் மாறி மாறி வந்தால் பசை முதலில் ஓரத்தில் விடும். காய்த் தூசி அந்த ஓரத்தில் ஏறும். தினமும் துணியால் துடைக்கும்போது விட்ட ஓரம் இன்னும் விடும். மலைக்குத் தராசு வாங்குபவர் விலை கேட்பதற்கு முன்னால் தகட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தால் தவறில்லை.

தயாரிப்பவர் பக்கத்தில் என்ன வேண்டும்? சின்னப் பட்டறைக்கு விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை என்பது என் எண்ணம். ஒரு தராசுக்கு ஒரு வரி போதும்: சீரியல் நம்பர், உள்ளே போட்ட லோடு செல்லின் எண் (லோடு செல்லுக்கும் அதன் தயாரிப்பாளர் தனி எண் போட்டிருப்பார்), சர்க்யூட் போர்டு எந்தத் திருத்தப் பதிப்பு, அடாப்டர் எந்தச் சரக்கு, சோதித்த தேதி, சோதித்தவர், வாங்கியவர், முத்திரை போட்ட இடம். லோடு செல் கொடுத்தவர் ஒருநாள் வந்து ‘மார்ச்சில் கொடுத்த சரக்கில் கோளாறு’ என்றால், அது எந்தெந்தத் தராசில் போனது, யாரிடம் இருக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் பட்டியல் எடுத்துவிடலாம். அந்த வரி இல்லையென்றால் தகட்டில் எவ்வளவு அழகாக எண் பொறித்திருந்தாலும் பயனில்லை. எண்ணைத் தொடர்ந்து போனால் யாராவது கதவைத் திறக்க வேண்டும். கதவைத் திறப்பது பதிவேடு.

எண் போடுவதில் வழக்கமாக நடக்கும் தவறு, ஒவ்வொரு வருடமும் ஒன்றிலிருந்து தொடங்குவது. ஆண்டைச் சேர்க்காமல் அப்படிச் செய்தால் இரண்டு தராசுக்கு ஒரே எண் வந்துவிடும். சோதனையில் தேறாமல் ஒதுக்கிய தராசின் எண்ணை, எண் வீணாகிறதே என்று அடுத்த தராசுக்குக் கொடுப்பதும் உண்டு. இது இன்னும் மோசம். ஒதுக்கியதை ஒதுக்கியது என்று எழுதி வைத்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும். பூஜ்யத்தோடும் ஒன்றோடும் குழம்பும் ஆங்கில எழுத்துகளை எண்ணில் சேர்க்கவே வேண்டாம். மழைக்கால மாலையில், மங்கலான விளக்கில், கண்ணாடி போடாமல் வாசிக்கப் போகிறவரையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

வாங்குபவர் பக்கத்தில் வேலை குறைவு. புதுத் தராசு வாங்கும் அன்றே தகட்டைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தகடு தேய்ந்தாலும் படம் இருக்கும். மாடல் பெயர் மட்டும் போட்டுப் பில் கொடுத்தால் வாங்காதீர்கள், சீரியல் நம்பரை எழுதச் சொல்லுங்கள். முத்திரைச் சான்றிதழ் கைக்கு வந்தவுடன் அதில் உள்ள எண்ணும் தகட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஆய்வாளர் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். ஓர் இலக்கம் தவறினாலும் அடுத்த வருடம் வருகிற அதிகாரியிடம் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். பழைய தராசை இன்னொருவருக்கு விற்றால் சான்றிதழையும் சேர்த்தே கொடுங்கள்.

காய் கொண்டுவந்து போடும் சிறு விவசாயிக்கும், கிலோக் கணக்கில் கூலி வாங்கும் இடங்களில் காய் எடுக்கும் பெண்களுக்கும் தராசு சொந்தமில்லை. ஆனாலும் முத்திரையின் ஆண்டையும் எழுத்தையும் பார்க்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. எடையில் சந்தேகம் இருந்தால் தமிழ்நாட்டுப் பக்கம் தொழிலாளர் துறை அலுவலகத்திலும், கேரளப் பக்கம் லீகல் மெட்ராலஜி அலுவலகத்திலும் புகார் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகாரில் ‘அந்தக் கடையில் எடை குறைக்கிறார்கள்’ என்று மட்டும் எழுதினால் ஆய்வாளர் வரும்போது மேசையில் வேறு தராசு இருக்கலாம். தராசின் மாடல், சீரியல் நம்பர், முத்திரையின் எழுத்து, நிறுத்த தேதி, காட்டிய எடை ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். அந்தத் தராசு எங்கே என்றுதான் ஆய்வாளர் முதலில் கேட்பார்.